உதைக்காத துப்பாக்கி

டெல்மர் ஸ்ட்ரௌபுக்கு வலது கண் போனது ஜூலை மாதத்தில். இடது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடக் கற்றுக்கொள்கிறேன் என்று அவன் வாயைத் திறந்து சொன்னது நவம்பரில்தான். நடுவில் போன நாலு மாதமும் அவன் மனைவி அர்வில்லா பட்ட பாடு அவளுக்கும் அந்த வீட்டுச் சுவர்களுக்கும்தான் தெரியும். காபி சூடு இல்லை என்று கத்தினான். தபால்காரன் சீக்கிரம் வந்துவிட்டான் என்றும் கத்தினான். கண் போன கோபத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே, அவளை விட்டால் ஆள் ஏது.

கண்ணுக்குள் விழித்திரை கிழிந்துவிட்டது என்றார்கள். இரண்டு முறை அறுத்துத் தைத்தும் பலனில்லை. அதோடு விடாமல், இடது கண்ணிலும் திரை நைந்துதான் இருக்கிறது என்று அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டிவிட்டாள்.

"தலைக்கு அதிர்ச்சி ஆகவே கூடாது. துப்பாக்கிய மறந்துடுங்க," என்றாள்.

"மறக்க முடியாது," என்றான் டெல்மர்.

"அப்ப சின்னக் குழந்தை தோள்ல தட்டுற அளவுக்கு மேல உதைக்காத துப்பாக்கியாப் பாத்து வாங்குங்க. அதுக்கு மேல உதைச்சா அந்தக் கண்ணும் போயிடும். நான் பயமுறுத்தல, நடக்கப்போறதச் சொல்றேன்."

அவனால் ஏன் மறக்க முடியாது என்பது அந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மலைமேல் இருக்கும் ஹெம்லாக் வேட்டைக் கேம்புக்கு அவன்தான் கேப்டன். இருபத்தாறு வருடமாகக் கதவுச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், சக்கிமுக்கிக் கல் வைத்த பழைய மாதிரித் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி உள்ள மான் வேட்டை தொடங்கும். வேட்டைக்கு இறங்குமுன் கேம்ப் ஆட்கள் ஆறு பேரும், ஐம்பது தப்படி தூரத்தில் மரத்தில் தொங்கும் பழைய இரும்பு வாணலியை ஆளுக்கு ஒரு முறை சுட வேண்டும். முதல் வெடி கேப்டனுடையது. தவறினால் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். கேப்டன் தவறினால் சட்டைவாலோடு சாவியும் போகும். சுடாமல் ஒதுங்கினாலும் போகும்.

அந்தச் சுவரில் நாற்பதுக்கு மேல் சட்டைவால்கள் தொங்குகின்றன. டெல்மருடையது ஒன்றுகூட இல்லை. கத்தரியைப் பிடிப்பவன் எப்போதும் அவன்தான். வேண்டுமென்றே மொண்ணைக் கத்தரியை எடுத்து நிதானமாக அறுப்பான்.

கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டைத் துணிகளுக்கு நடுவே மஞ்சள் பூப்போட்ட துண்டு ஒன்றும் தொங்குகிறது. 'ஏ. ஸ்ட்ரௌப், 1987' என்று அதில் எழுதியிருக்கும். அர்வில்லாவின் ரவிக்கை அது, கல்யாணத்துக்கென்று அவளே தைத்தது. கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் டெல்மர் அவளைக் கேம்புக்குக் கூட்டிப்போனான். அவள் பிறவி இடதுகைக்காரி. அவன் நீட்டியது வலதுகைத் துப்பாக்கி. பொறி பட்டு மருந்து பற்றிக்கொள்ளும் கிண்ணம் அதில் வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்தால் அது முகத்துக்கு நேரே வரும். "துப்பாக்கிக்கு இடது வலது எல்லாம் தெரியாதுடி, சும்மா சுடு," என்றான். குழலுக்குள் வெடிமருந்தையும் இரண்டு பங்கு போட்டிருந்தான், சிரிப்பதற்காக.

அவள் விழுந்தாள். பித்தளைக் கொம்பு மாதிரி வளைந்த அடிக்கட்டை இடித்துத் தோளெலும்பில் விரிசல் விட்டது. கிண்ணத்து மருந்து சீறி மூக்கிலும் வலது கன்னத்திலும் பொட்டுப் பொட்டாக ஏறியது. பதினோரு நீலப் புள்ளிகள். முப்பத்தொரு வருடமாகியும் அழியவில்லை. அன்று எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டெல்மர் ரவிக்கையைக் கத்தரித்து மாட்டிவிட்டு அவளுக்குப் பெயரும் வைத்தான், மிளகு என்று. அன்றிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அதற்குப் பிறகு, அவன் ஊரில் இல்லாத நாட்களில், அக்காள் வீட்டுத் தோட்டத்தில், கடன் வாங்கிய இடதுகைத் துப்பாக்கியில் அவள் தானே சுடக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். அது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நவம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

"மிளகு," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஏனஸ் கடைக்கு நாளைக்கு நீயும் வா. இந்த இடதுகை எழவெல்லாம் உனக்குத்தான தெரியும்."

முப்பத்தொரு வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏனஸ் ஃபெட்டர்ஹாஃப் துப்பாக்கி செய்பவன். நாற்பது வயது. வாயில் எப்போதும் புகையிலை. வாடிக்கையாளர் எல்லோரையும் முட்டாள்கள் என்று நம்புகிறவன், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

"இடதுகைக்கு ரெண்டுதான் இருக்கு," என்று மேசைமேல் இரண்டையும் வைத்தான். ஒன்று ஒல்லி, அழகு, அடிக்கட்டையில் பித்தளை வளைவு. இன்னொன்று தடித்த எட்டுப்பட்டைக் குழல், அலங்காரம் எதுவும் இல்லை, பார்க்க வேலி முளை மாதிரி இருந்தது.

டெல்மர் ஒல்லியைத் தூக்கினான். "இது லேசா இருக்கு. டாக்டரும் லேசாத்தான் வாங்கச் சொன்னா."

"டாக்டர் உதை லேசா இருக்கணும்னு சொல்லியிருப்பா. துப்பாக்கி லேசா இருக்கணும்னு சொல்லியிருக்கமாட்டா," என்றான் ஏனஸ். "லேசான துப்பாக்கிதான் கழுத மாதிரி உதைக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாதா என்ன?"

டெல்மருக்கு நன்றாகத் தெரியும். மலையேறும்போது வேலி முளையைத் தூக்கிக்கொண்டு போவதை கிளீட்டஸ் பார்ப்பானே என்பதுதான் அவன் கவலை. கேம்பில் அவனுக்கு அடுத்த இடம் கிளீட்டஸுக்கு. சாவிக்காக இருபது வருடமாக வாயில் எச்சில் ஊறக் காத்திருக்கிறவன்.

அர்வில்லா தடித்ததை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். அடிக்கட்டை அகலமாக, தட்டையாக இருந்தது. உதை ஓர் இடத்தில் குத்தாமல் தோள் முழுக்கப் பரவும். கிண்ணம் இடது பக்கம், முகத்துக்கு அப்பால். குழலின் துளையை விரலால் தடவினாள்.

"தொள அளவு நாப்பத்தஞ்சா?" என்று கேட்டாள்.

"ஆமா. மானுக்குச் சட்டம் விடுற அளவுல இதுதான் சின்னது. சின்ன ரவை, ஐம்பது கிரெய்ன் மருந்து. ஒன்பதரை ராத்தல் கனம். தோள்ல தட்டுனதே தெரியாது." ஏனஸ் டப்பாவில் துப்பினான். "குழலப் பாரு, எவ்ளோ தடி. இதே மாதிரி ஒண்ண வாங்கிட்டுப் போன ஒருத்தன், மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிச்சது மறந்துபோயி மேலயே இன்னொரு தடவ கெட்டிச்சுச் சுட்டுட்டான். குழல் அசையாம நின்னுது. அவன்தான் நிக்கல, மூணு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தான்."

"அவன் மடையன்," என்றான் டெல்மர்.

"எங்கிட்ட வாங்குறவன் எல்லாரும் அப்படித்தான்."

கடைசியில் தடித்ததுதான் வீட்டுக்கு வந்தது. அவள் ஒரு மான்கொம்புத் துண்டைக் குடைந்து, தலைதட்டி அளந்தால் சரியாக ஐம்பது கிரெய்ன் பிடிக்கும்படி அளவுக் குப்பி செய்தாள். மருந்தும் ரவையும் சரியாக உள்ளே இறங்கினால் கெட்டிக்கும் கோல் எவ்வளவு வெளியே நிற்குமோ, அந்த இடத்தில் கோலைச் சுற்றிக் கத்தியால் கீறி வைத்தாள். கீறல் குழல்வாயோடு ஒட்டி நின்றால் ஒரு வெடிக்கு உள்ளது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து வாரம் கொல்லையில் பயிற்சி நடந்தது. இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவனால் மருந்தைச் சிந்தாமல் ஊற்ற முடியவில்லை. அவள் கெட்டித்துக் கொடுப்பாள், அவன் சுடுவான். சுட்டு முடித்த மாலையில் மறுநாளைக்கு ஒரு வெடி கெட்டித்து, கிண்ணத்தைக் காலியாக விட்டு, வெளி வராந்தாவில் குளிரிலேயே சாத்தி வைத்துவிடுவாள். கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுபோனால் இரும்பு வியர்த்து மருந்து நமுத்துவிடும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

முதல் வாரம் வாணலி அகலப் பலகையில்கூடப் படவில்லை.

"மூச்ச விட்டுட்டு அழுத்து," என்பாள்.

"எனக்கு நீ சொல்லிக்குடுக்கிறியா? மூஞ்சியில மிளகு அள்ளிக்கிட்டவ."

மூன்றாம் வாரம் பட ஆரம்பித்தது. ஐந்தாம் வாரத்தில் பத்துக்கு எட்டு. ஒருநாள் சுட்டுவிட்டுத் தன்னையறியாமல் அவள் தோளில் கைவைத்தான், விரிசல் விட்ட அதே தோளில். உடனே எடுத்துவிட்டான். அன்று இரவு முழுக்க அவளுக்கு அந்தக் கை தோளிலேயே இருப்பதுபோல இருந்தது. மனுஷி எதற்கெல்லாம் ஏங்கிக் கிடந்திருக்கிறாள் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே இருவரும் கேம்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் நாள் காலைச் சாப்பாடு வருடா வருடம் அர்வில்லாவின் பொறுப்பு. டெல்மர் வண்டியிலிருந்து விஸ்கிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் வழக்கம்போலத் துப்பாக்கியில் மருந்து அளந்து ஊற்றி, எண்ணெய்த் துணியில் ரவையைப் பொதிந்து இறக்கி, கீறல் ஒட்டி நிற்பதைப் பார்த்து, கிண்ணத்தைக் காலியாக வைத்து வராந்தாவில் சாத்தினாள். அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

உள்ளே போய்க் கோட்டைக் கழற்றியதும் அந்த மஞ்சள் துண்டு கண்ணில் பட்டது. தினம் பார்க்கும் முகத்தை ஒருநாள் திடீரென்று உற்றுப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"டெல்மர்," என்றாள். "நாளைக்கு எல்லாரும் சுட்டப்புறம் நானும் ஒரு வெடி சுடறேன். பட்டுச்சுன்னா அந்தத் துணிய எடுத்துக்கறேன்."

அவன் விஸ்கிப் புட்டிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பொய்ச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்தான்.

"அஞ்சு வாரம் கூட நின்னு மருந்து ஊத்துனதுல உனக்குத் தலைக்கு ஏறிப்போச்சு. அந்தத் துணி அங்கதான் தொங்கும். நான் செத்தாலும் தொங்கும். பசங்க தண்ணி போட்டா சிரிக்கறதுக்கு வேற என்ன இருக்கு இங்க?" சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "நீ எனக்குக் கெட்டிச்சுக் குடுத்தது, சொல்லிக்குடுத்தது, ஒரு வார்த்த வெளிய வரக்கூடாது. இனிமே என் துப்பாக்கியத் தொடாத. காலையில நானே போட்டுக்கறேன்."

ஏற்கெனவே கெட்டித்தாகிவிட்டது என்று அப்போது சொல்லியிருப்பாள். அதற்குள் அவன் திரும்பிப் புட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டான், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மாவு கரைக்கப் போனாள்.

காலையில் நல்ல வெயில். ராத்திரி விழுந்த பனி கண் கூசும் வெள்ளையில் கிடந்தது. ஆறு பேரும் வராந்தாவில் கூடியிருந்தார்கள். அர்வில்லா காபிக் கூஜாவோடு வெளியே வந்தபோது கிளீட்டஸ் தடித்த துப்பாக்கியைக் கையில் எடை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கேப்டன், பாலத்துக்குத் தூண் செஞ்ச மாதிரி இருக்கு. மருந்து எவ்ளோ, ஐம்பதா? எங்க அத்த அணில் சுடறதுக்கே அதுக்கு மேல போடுவா."

"அணிலா பேனான்னு இப்பத் தெரியும்," என்றான் டெல்மர். வாணலியைப் பேன் என்றுதான் சொல்வார்கள்.

"ஊருக்குள்ள வேற மாதிரி பேசிக்கிறாங்க. கொல்லையில உன் பொண்டாட்டிதான் கெட்டிச்சுக் குடுத்தாளாமே. இப்பவும் அவதான் போடணுமா, இல்ல உனக்கே தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரின் கழுத்து சிவந்தது. துப்பாக்கியைப் பிடுங்கி அடிக்கட்டையைப் பலகையில் ஊன்றினான். மான்கொம்புக் குப்பியை எடுத்து மருந்தை நிரப்பினான். அன்று மட்டும் ஒரு பொட்டுச் சிந்தாமல் நிரப்பினான். கிளீட்டஸின் முகத்தைப் பார்த்தபடியே குழலுக்குள் கவிழ்த்தான்.

அர்வில்லாவுக்குக் கூஜா கனத்தது.

"டெல்மர்," என்றாள்.

அவன் திரும்பக்கூட இல்லை. "மிளகு, உன் வேல காபி. அதப் பாரு."

"இங்க வந்து என் கோப்பைய நிரப்பும்மா மிளகு," என்றான் கிளீட்டஸ். மறுபடி சிரிப்பு.

அவள் போய் நிரப்பினாள். கோப்பை விளிம்புவரை வந்து நின்றது, ஒரு சொட்டு வழியவில்லை. நிமிர்ந்தபோது டெல்மர் இரண்டாவது ரவையைக் கோலால் உள்ளே தள்ளி முடித்திருந்தான். கோல் குழலுக்கு வெளியே நின்றது. அவள் கீறிய கீறல் குழல்வாய்க்கு மூன்று விரல்கடை மேலே, எல்லோர் கண்ணுக்கும் எதிரே நின்றது. அதை அர்த்தம் தெரிந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். டெல்மருக்கும் தெரியும், ஆனால் அவன் கோலைப் பார்க்கவில்லை, கிளீட்டஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழல் தாங்கும் என்று ஏனஸ் சொல்லியிருந்தான். அந்த வார்த்தை அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. யார் கையும் போகாது, யார் உயிரும் போகாது. தாங்க வேண்டியது தோளும் கண்ணும்தான். அடுப்படியில் நின்று உப்பு போதுமா என்று யோசிக்கிற மாதிரி அவ்வளவு சாவகாசமாக அவள் இதை யோசித்தாள்.

வராந்தாவிலிருந்து சுடுகிற கோட்டுக்கு இருபது தப்படி. டெல்மர் கோலை உருவி, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு தப்படிக்கும் அவள் ஒரு முறை சொல்லியிருக்கலாம். உள்ளே ஏற்கெனவே இருக்கு, அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. அவன் கோட்டில் நின்றான். கிண்ணத்தில் மருந்து தூவினான். கல்லைக் கவ்விய குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினான். இடது தோளில், அவள் காட்டிக்கொடுத்த இடத்திலேயே, அகலக் கட்டையைப் பொருத்தினான். மூச்சை விட்டான், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

அவள் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, பார்ப்பதற்கு வாகாக ஓர் அடி முன்னால் வந்து நின்றாள்.

சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. வாணலி கணீரென்றது. புகை விலகியபோது டெல்மர் பனியில் மல்லாந்து கிடந்தான். தொப்பி ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். இடது கண்ணுக்குக் கீழே கன்னம் கிழிந்திருந்தது.

"பட்டுச்சா?" என்றான் படுத்தபடியே.

"பட்டுச்சு," என்றான் ஒருவன்.

"சாவி எங்கிட்டதான்டா கிளீட்டஸ்." அவன் சிரித்தான். பல்லெல்லாம் ரத்தம்.

கிளீட்டஸ் மரத்தடிக்குப் போயிருந்தான். வாணலியைப் பார்த்தான், அதற்கு நாலு விரல் மேலே மரப்பட்டையைப் பார்த்தான். திரும்பி வந்தபோது கேலியெல்லாம் இறங்கியிருந்தது. "ரெண்டு ரவ," என்றான் மெதுவாக. "வாணலியில ஒண்ணு, மரத்துல ஒண்ணு." எல்லோரும் துப்பாக்கிக்காரர்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெல்மர் எழுந்து உட்கார்ந்தான். பனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கையால் முகத்துக்கு முன்னால் எதையோ விலக்கினான். மறுபடி விலக்கினான்.

"யாருடா பனியில மிளகு தூவுனது?" என்றான்.

எல்லோரும் பனியைப் பார்த்தார்கள், வெள்ளையாகத்தான் கிடந்தது.

"கருப்பா, பொட்டுப் பொட்டா. பூரா கெடக்குது பாருங்கடா." அவன் குரல் உடைந்தது. "கீழேயிருந்து எதோ இருட்டா ஏறிக்கிட்டு வருது. அர்வில்லா. அர்வில்லா, எங்க இருக்க?"

முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அவள் பெயர் அவன் வாயில் வந்தது. அதைக் கேட்டதும் நெஞ்சு இளகும் என்று அவளே ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். இளகவில்லை. மிளகு என்று கூப்பிட்டிருந்தால்கூட இந்நேரம் ஓடியிருப்பாளோ என்னவோ.

"வண்டிச் சாவி எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணை மூடிக் கட்டி, தலை ஆடாமல் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டரம்மா ஜூலையிலேயே சொல்லியிருந்தாள். கட்டுத்துணிப் பெட்டி அடுப்புக்கு மேல்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. சுவருக்குப் போய் மஞ்சள் துண்டின் ஆணியைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். துரு ஏறியிருந்தாலும் சுலபமாகவே வந்துவிட்டது.

நாலு பேர் பிடித்து அவனை வண்டியில் ஏற்றினார்கள். அவள் துணியை நாலாக மடித்து அவன் கண்மேல் வைத்து, தன் கழுத்துக்குட்டையால் இறுகக் கட்டினாள். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரம். பனிச்சாலையில் நிதானமாக, மிக நிதானமாக ஓட்டினாள்.

பாதி வழியில் அவன் கேட்டான். "உள்ள ஏற்கெனவே இருந்துச்சா?"

"இருந்துச்சு. சாயந்தரம் நான் போட்டது."

"நான் ஊத்துறதப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் கை மெல்ல மேலே போய்க் கட்டுக்கு அடியில் இருந்த துணியைத் தடவியது. ஓரத்தை விரலால் தேடியது. அங்கே மொண்ணைக் கத்தரியின் பிசிறு, மூலையில் ஆணி போட்ட ஓட்டை. விரல் அந்த ஓட்டையில் நின்றது.

"இது என்ன துணி?" என்றான்.

"உனக்குத் தெரியும்," என்றாள் அர்வில்லா. வளைவு வந்ததால் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.